எங்க கையிலிருந்தும் வந்திருக்கலாம்

"எனக்கு வெள்ளைப்படுதல் இருந்துச்சே சிஸ்டர், அதனாலதானா?" என்று, ரத்தத்தில் பூஞ்சைத் தொற்று வந்து எங்கள் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த ஒரு குறைமாதக் குழந்தையின் தாய் கேட்டார். "இல்லம்மா. எங்க கையிலிருந்தும் வந்திருக்கலாம்" என்றேன். அந்த இரண்டாவது பாதியைச் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையின் ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், வளர்ந்திருந்தது கேண்டிடா பாராசிலோசிஸ் என்ற பூஞ்சை. கேண்டிடாவிலேயே இன்னொரு வகையான அல்பிகான்ஸ் என்று வந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது பிரசவத்தின்போது தாயிடமிருந்தே குழந்தைக்கு வந்துவிடக்கூடியது. பாராசிலோசிஸ் தோலில் வாழும், முக்கியமாகக் கைகளில். அங்கிருந்து லைனுக்குள், அதாவது ரத்தக்குழாயில் போட்டிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்க்குள், போய்விட்டால் பிளாஸ்டிக்கின் மேல் படலம் கட்டிக்கொள்ளும், ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் உணவுக் கரைசலான டிபிஎன்னில் உள்ள குளுக்கோஸில் செழிக்கும். குழந்தை 27 வாரத்தில் பிறந்தது, ஒரு கிலோகூட இல்லை. பிக் லைன் என்ற அந்த மாதிரிக் குழாயும் போட்டிருந்தோம், அதில் டிபிஎன் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் செஃபோடாக்சிம் என்ற ஆன்டிபயாடிக்கும் கொடுத்திருந்தோம். அது குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்களையும் கொன்று பூஞ்சைக்கு இடம் விட்டுவிடும். மூன்றாவது வாரத்தில் மூச்சு அடிக்கடி நின்றது, சர்க்கரை ஏறியது, பிளேட்லெட் சரிந்தது. லைனை எடுத்துவிட்டு ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கான மருந்தை ஆரம்பித்தோம்.

நான் ஏன் சொன்னேன் என்றால், முந்தின நாள் அந்தத் தாயின் மாமியார் வாசலில் நின்று, "அப்பவே டாக்டர்ட்ட காட்டுன்னு சொன்னேன், கேட்டாளா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி பேசினார். அன்று மாலையிலிருந்து இந்தப் பெண் பால் பீய்ச்சித் தரவில்லை. இன்குபேட்டருக்குள் கைவிட்டுக் குழந்தையைத் தொடச் சொன்னால், இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டார். தன் உடம்பே விஷம் என்று நம்பிவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான் சொன்ன அன்று ராத்திரியே பால் வந்தது. அதை நினைத்தால், சொன்னது சரிதான் என்று தோன்றுகிறது.

ஆனால் அதோடு முடியவில்லை. அப்புறம் யார் குழந்தை பக்கம் போனாலும் அவர் கண் கையிலேயே இருந்தது. கையைச் சுத்தம் செய்யும் ஹேண்ட் ரப் போட்டு நன்றாகத் தேய்த்துக்கொண்டு வந்த ஒரு புது நர்ஸ் பெண்ணைக்கூட, "சரியா தேய்க்கலை" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் ஸ்டோர் ரூமில் போய் அழுதாள். குழந்தையின் அப்பா டாக்டரிடம், "உங்க சிஸ்டரே ஒத்துக்கிட்டாங்களே" என்றார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "நிரூபிக்க முடியாததை ஏன் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். எங்கள் கைகளிலிருந்து மாதிரி எடுத்து, அதே பூஞ்சைதானா என்று ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரும் எதையும் சொல்ல முடியாது. எடுக்கவில்லை. தொற்றுக்கு முன்பு அந்தத் தாயும் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக் கங்காரு கேர் கொடுத்திருக்கிறார். அவர் கையும் கைதானே. அப்படிப் பார்த்தால் "இல்லம்மா" என்று நான் அடித்துச் சொன்னதற்கும் ஆதாரம் கிடையாது. தர்க்கப்படி டாக்டர் சொன்னதுதான் சரி. ஆனால் நாங்கள் வாயை மூடிக்கொண்டால் பழி ஒருத்தர் தலையில் மட்டும்தான் விழுகிறது. மாமியாரிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

கை சுத்தம் ஒன்றும் தெரியாத விஷயமில்லை. ஹேண்ட் ரப் போட்டுத் தேய்க்க 20 முதல் 30 வினாடி வேண்டும். ராத்திரியில் மூன்று படுக்கைகளில் ஒரே சமயம் அலாரம் அடிக்கும்போது, மூச்சு நின்ற குழந்தையிடம் ஓடுகிறவள் அந்த 20 வினாடியை என்ன செய்வாள்? இதை அந்தத் தாயிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்காக வாதாடுவது போல ஆகியிருக்கும். சொல்லாததால் புதுப் பெண்தான் அகப்பட்டாள்.

குழந்தை பிழைத்து வீட்டுக்குப் போனது. சமீபத்தில் இன்னொரு தாய் இதே கேள்வியைக் கேட்டார். "உங்களால இல்லம்மா" என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். "அப்போ எங்கிருந்து வந்துச்சு சிஸ்டர்?" என்று உடனே கேட்டார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது விளக்கமாகச் சொல்வார் என்றேன்.