ரேயான் கம்பெனியும் ஹைட்ரஜன் காரும்

நேத்து சோமனூர்ல மாமாவோட தறிக்குடோன். "ஏனுங்க மாப்ள, ஹைட்ரஜன் காருக்கும் நூலுக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டார். இருக்குதுங்க.

ஜப்பான்ல டோரேனு ஒரு கம்பெனி. 1926ல ரேயான் நூலுக்குன்னு ஆரம்பிச்சது, அப்பப் பேரே டோயோ ரேயான். ஸ்வெட்டர் நூல் அக்ரிலிக் இருக்குதுல்ல, அந்த ஜாதி இழையை முதல்ல காத்துல வாட்டி, அப்புறம் ஆக்சிஜன் படாம 1000 டிகிரிக்கு மேல சூடேத்தினா கார்பன் இழை. அதையே பொடிசா வெட்டி, பிசின்ல ஒட்டி, மறுபடி கரியாக்கினா கார்பன் பேப்பர்.

ஹைட்ரஜன் கார்ல, ஹைட்ரஜனையும் காத்துல இருக்கற ஆக்சிஜனையும் சேத்து கரண்ட் எடுக்கறது ஃப்யூயல் செல்; அப்ப தண்ணியும் உண்டாகும். அதுக்குள்ள இந்தப் பேப்பருக்குத்தான் பாவம் எல்லா வேலையும். வாயுவைச் சீரா பரப்போணும், கரண்டைக் கடத்தோணும், உள்ளே ஊறுற தண்ணியை வெளிய தள்ளோணும். தண்ணி தேங்குச்சுன்னா வாயு போக வழியில்லாம செல் படுத்துக்கும். அதனால, பாவுக்கு நாம கஞ்சி போடறாப்ல, இதுக்குத் தண்ணி ஒட்டாத டெஃப்லான் ஏத்தறாங்க.

2014ல வந்த டொயோட்டா மிராய்ங்கற ஹைட்ரஜன் கார்ல டோரேவோட இந்தப் பேப்பர்தான். 700 பார் அழுத்தம் தாங்குற ஹைட்ரஜன் டேங்க்குக்கும் இவங்க இழைதான் சுத்துனாங்க.

"புகையே வராதுங்க மாமா, தண்ணிதான்"னேன்.

"நொய்யல்ல ஓடுற தண்ணியா, குடிக்கற தண்ணியா?"ன்னுட்டு டீ சொல்லப் போய்ட்டார்.