ஹிரோஹிட்டோ கேள்விக்கு எப்படிப் படிப்பது: எம்.ஏ. வரலாறு, நெட் எழுதுகிறவர்களுக்கு

சீனா–ஜப்பான் வரலாற்றுப் பேப்பரில் பெரும்பாலோர் மெய்ஜி பேரரசர் காலத்துச் சீர்திருத்தங்களை உருப்போட்டு முடித்துவிட்டு, 1930-களுக்கு வரும்போது களைத்துப் போய்விடுவார்கள். அவர்களின் நோட்ஸில் அன்றைய ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிட்டோ அரைப் பக்கம்தான் இருப்பார். ஆனால் "போரிலும் சமாதானத்திலும் ஜப்பானியப் பேரரசரின் பங்கை மதிப்பிடுக" என்று ஒரு கேள்வி வந்தால், அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது. நான் இந்தப் பகுதியைப் படித்த முறையை இங்கே எழுதுகிறேன். முதுகலை மாணவர்களுக்கும் உதவிப் பேராசிரியர் தகுதித் தேர்வான நெட்டுக்குத் தயாராகிறவர்களுக்கும் உதவலாம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தக் கேள்விக்கு வரும் விடைத்தாள்களில் இரண்டு விதம்தான் அதிகம். ஒன்று, "அவர் ராணுவத்தின் கைப்பாவை". இன்னொன்று, "ஹிட்லர், முசோலினி வரிசையில் மூன்றாமவர்". இரண்டுமே பரீட்சைக்குப் போதாது, வரலாற்றுக்கும் போதாது. கேட்க வேண்டியது வேறு: அவர் வாய் திறந்தபோதெல்லாம் என்ன நடந்தது, திறக்காதபோது ஏன் திறக்கவில்லை? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால் 1928 முதல் 1945 வரை உள்ள சம்பவங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

அதற்கு முன் அரசியலமைப்பைப் படித்தே ஆக வேண்டும். 1889-இல் வெளியிடப்பட்ட மெய்ஜி அரசியலமைப்பில் ஐந்து பிரிவுகள் போதும். 3-ஆம் பிரிவு பேரரசர் புனிதமானவர், மீற முடியாதவர் என்கிறது. 4-ஆம் பிரிவு இறையாண்மை முழுவதும் அவரிடம், ஆனால் அரசியலமைப்பின்படி அதைச் செலுத்துவார் என்கிறது. 11-ஆம் பிரிவின்படி தரைப்படைக்கும் கடற்படைக்கும் தலைமைத் தளபதி அவரே. 13-ஆம் பிரிவின்படி போர் அறிவிப்பதும் சமாதானம் செய்வதும் அவர் உரிமை. இவ்வளவையும் கொடுத்துவிட்டு 55-ஆம் பிரிவு, அமைச்சர்கள்தான் ஆலோசனை கூறிப் பொறுப்பேற்க வேண்டும், அரசாணைகளில் அமைச்சரின் கையெழுத்தும் வேண்டும் என்கிறது. ஆக, எல்லா அதிகாரமும் அவர் பெயரில். பொறுப்பு மட்டும் வேறொருவர் தலையில்.

இங்கேதான் பலரும் தவறவிடும் நுட்பம் இருக்கிறது. 55-ஆம் பிரிவின் அமைச்சர் பொறுப்பு ராணுவக் கட்டளைக்குப் பொருந்தாது என்று ராணுவம் வாதாடியது. தரைப்படை, கடற்படைத் தலைமை அதிகாரிகள் பிரதமரைத் தாண்டி நேராகப் பேரரசரிடம் போகலாம். 1936-இல் இன்னொரு விதியும் திரும்ப வந்தது: பணியில் இருக்கும் ராணுவ அதிகாரி மட்டுமே ராணுவ அமைச்சராக முடியும். ராணுவம் ஆள் தர மறுத்தால் மந்திரிசபை கவிழும். 1940 ஜூலையில் யோனாய் மந்திரிசபை அப்படித்தான் கவிழ்ந்தது. பிரதமரும் ராணுவமும் சந்திக்கிற ஒரே இடம் பேரரசர். அந்த இடத்தில் அமர்ந்திருந்தவரோ பேசக்கூடாது என்பது மரபு. அவர் முன்னிலையில் நடக்கும் மாநாடுகளில் அவருக்குப் பதிலாகக் கேள்வி கேட்டவர் ஆலோசனைக் குழுத் தலைவர். இந்த அமைப்பைப் புரிந்துகொள்ளாமல் தேதிகளை மனப்பாடம் செய்து பயனில்லை.

இனி சம்பவங்கள். நோட்டில் ஒரு பக்கத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்தேன். இடது பக்கம் "பேசினார்", வலது பக்கம் "பேசவில்லை அல்லது ஒப்புக்கொண்டார்".

இடது பக்கத்தில் முதலில் வருவது 1929. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் 4-ஆம் தேதி, வடகிழக்குச் சீனாவில் உள்ள மஞ்சூரியாவின் போர்த்தளபதி ஜாங் ஸுவோலின் பயணம் செய்த ரயிலை, அங்கிருந்த ஜப்பானியப் படையான குவாண்டுங் படையின் அதிகாரிகள் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். குற்றவாளிகளைத் தண்டிப்பதாகச் சொன்ன பிரதமர் தனாகா கீச்சி பிறகு பின்வாங்கினார். இளம் பேரரசர் அவரை நேரடியாகக் கடிந்துகொள்ள, தனாகா ராஜினாமா செய்தார்; சில மாதங்களில் இறந்தும் போனார். இது தன் இளமைத் துடிப்பு என்றும், அதன் பிறகு மந்திரிசபை கொண்டு வருவதைத் தனக்கு மாற்றுக் கருத்து இருந்தாலும் ஏற்பது என்று முடிவெடுத்ததாகவும் 1946-இல் ஹிரோஹிட்டோ தம் உதவியாளர்களிடம் கூறினார். அந்தக் கூற்று எப்போது சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்: ஜப்பானியத் தலைவர்கள் மீதான டோக்கியோ போர்க்குற்ற விசாரணை தொடங்குவதற்குச் சற்று முன்பு. தற்காப்புக்காகச் சொன்னதை அப்படியே சாட்சியமாக எடுக்கக்கூடாது என்று ஒரு வரி எழுதினாலே திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது 1936 பிப்ரவரி 26. இளம் அதிகாரிகள் சுமார் 1,500 வீரர்களோடு டோக்கியோவின் மையத்தைப் பிடித்து, நிதியமைச்சர் தகாஹாஷி கொரேகியோ, முன்னாள் பிரதமர் சைட்டோ மகோட்டோ உள்ளிட்டோரைக் கொன்றார்கள். பேரரசர் பெயரிலேயே கிளர்ச்சி செய்தார்கள் என்பதுதான் வேடிக்கை. ராணுவத் தலைமை தயங்கிற்று. பேரரசரின் தலைமை ராணுவ உதவி அதிகாரி ஹோன்ஜோ, கிளர்ச்சியாளர்களின் நோக்கம் நாட்டுப்பற்றுதான் என்று பரிந்து பேசிப் பார்த்தார். பேரரசர் மசியவில்லை, தேவைப்பட்டால் தாமே காவல்படையை நடத்திச் சென்று அடக்குவேன் என்றார். 29-ஆம் தேதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. என் கருத்தில், "அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது" என்ற வாதத்தை உடைக்கும் மிக வலுவான ஆதாரம் 1945-ஐவிட இதுதான். 1936-ஐ விட்டுவிட்டு எழுதும் விடை பாதி விடை.

இப்போது வலது பக்கம். 1931-இல் குவாண்டுங் படை தன்னிச்சையாக மஞ்சூரியாவைப் பிடித்தபோது நடந்து முடிந்ததற்கு ஒப்புதல் கிடைத்தது. 1937-இல் சீனப் போர் விரிந்தது. நவம்பரில் அரண்மனைக்குள்ளேயே போர்த் தலைமையகம் அமைந்தது. இவற்றை வேகமாகக் கடந்து 1941-க்கு வாருங்கள். அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.

ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெயை நிறுத்திவிட்டது. செப்டம்பர் 5 அன்று தரைப்படைத் தலைமை அதிகாரி சுகியாமாவைப் பேரரசர் மடக்குகிறார். தென்கிழக்கு ஆசியாவைப் பிடிக்கும் தென்பகுதி நடவடிக்கை மூன்று மாதத்தில் முடியும் என்கிறார் சுகியாமா. சீன விவகாரம் ஒரு மாதத்தில் முடியும் என்றீர்கள், நான்கு ஆண்டாகிவிட்டதே என்கிறார் பேரரசர். சீனாவின் உள்நாடு மிகப் பரந்தது என்று சுகியாமா சமாளிக்க, பசிபிக் அதைவிடப் பரந்ததல்லவா என்று பேரரசர் திருப்பிக் கேட்கிறார். மறுநாள் மாநாட்டில் மரபை மீறி வாய் திறந்தவர், நான்கு கடல்களும் உடன்பிறப்புகள் என்று எண்ணுகையில் அலையும் காற்றும் ஏன் கொந்தளிக்கின்றன என்ற பொருள்படும் தம் பாட்டனார் மெய்ஜியின் கவிதையைப் படித்தார். சமாதானப் பிரியர் என்று காட்ட விரும்புகிறவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் நிறுத்தாதீர்கள். அதே மாநாட்டில், அக்டோபர் தொடக்கத்துக்குள் அமெரிக்காவுடன் பேச்சுவார்த்தை பலிக்காவிட்டால் போருக்கு முடிவெடுப்பது என்ற தீர்மானம் திருத்தமின்றி நிறைவேறியது. அக்டோபரில் பிரதமர் கோனோயே விலகி டோஜோ பிரதமரானார். பழைய தீர்மானத்தை ஒதுக்கிவிட்டுப் புதிதாக ஆராயும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. ஆராய்ந்தும் அதே இடத்துக்குத்தான் வந்தார்கள். டிசம்பர் 1 மாநாட்டில் போர் என்று முடிவானது, பேரரசர் ஒப்புக்கொண்டார்.

கவிதையும் ஒப்புதலும் ஒரே மனிதருடையவை என்று எழுதத் தெரிந்துவிட்டால் கேள்வியின் பாதி முடிந்தது.

மீதிப் பாதி 1945. இதை எல்லோரும் ஆகஸ்டிலிருந்து தொடங்குவார்கள். நான் பிப்ரவரி 14-இலிருந்து தொடங்கச் சொல்வேன். அன்று முன்னாள் பிரதமர் கோனோயே, தோல்வி தவிர்க்க முடியாதது, போரை முடியுங்கள் என்று மனு கொடுத்தார். இன்னும் ஒரு முறை போரில் வெற்றி காட்டாமல் அது கடினம் என்றார் பேரரசர். அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கணக்கிடுங்கள்: மார்ச் 10 குண்டுவீச்சில் டோக்கியோவில் ஒரே இரவில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள், பிறகு ஒகினாவா தீவுப் போர், ஹிரோஷிமா, நாகசாகி. போரை முடித்து வைத்தவர் என்ற புகழை எழுதும் அதே பத்தியில் இந்தத் தாமதத்தையும் வையுங்கள்.

ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா, 9-இல் சோவியத் படையெடுப்பும் நாகசாகியும். ஆறு பேர் கொண்ட போர் வழிகாட்டுக் குழு மூன்றுக்கு மூன்றாக உடைந்து நின்றது. பிரதமர் சுசுகி, வெளியுறவு அமைச்சர் டோகோ, கடற்படை அமைச்சர் யோனாய் ஆகியோர் பேரரசர் பதவி காக்கப்பட்டால் போதும், சரணடையலாம் என்றார்கள். தரைப்படை அமைச்சர் அனாமி, தலைமை அதிகாரிகள் உமெசு, டொயோடா ஆகியோர் ஆக்கிரமிப்பு கூடாது, ஆயுதக் களைவும் போர்க்குற்ற விசாரணையும் எங்கள் கையிலேயே இருக்க வேண்டும் என்று இன்னும் மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தார்கள். 9-ஆம் தேதி நள்ளிரவுக்குச் சற்று முன் அரண்மனைப் பதுங்கறையில் கூடிய மாநாட்டில், சுசுகி வாக்கெடுப்புக்குப் போகாமல் பேரரசரிடமே முடிவைக் கேட்டார். இது திட்டமிட்டுச் செய்த மரபு மீறல். அதிகாலையில் பேரரசர் டோகோவின் பக்கம் சாய்ந்தார். 14-ஆம் தேதி இன்னொரு முறையும் சொல்ல வேண்டியிருந்தது. அன்றிரவு அவருடைய சரணடைவு உரை இசைத்தட்டில் பதிவானது. சில அதிகாரிகள் அரண்மனைக்குள் புகுந்து அந்தத் தட்டைத் தேடியும் கிடைக்கவில்லை. 15-ஆம் தேதி நண்பகலில்தான் மக்கள் முதன்முதலாக அவர் குரலை வானொலியில் கேட்டார்கள்.

அணுகுண்டா, சோவியத் படையெடுப்பா, எது சரணடைய வைத்தது என்று தனிக் கேள்வியாகவும் வரும். 15-ஆம் தேதி உரை கொடிய புதிய குண்டைப் பற்றிப் பேசுகிறது. 17-ஆம் தேதி படைவீரர்களுக்கு வந்த ஆணை சோவியத் நுழைவைச் சொல்கிறது, குண்டைச் சொல்லவில்லை. இந்த இரண்டையும் அருகருகே வைத்தாலே விடைக்கு எடை கூடிவிடும்.

இடது, வலது பக்கங்களை ஒப்பிட்டு நான் எடுத்த முடிவு இது. 1936-இலும் 1945-இலும் ஆட்சியின் இயந்திரம் சிக்கி நின்றது, அல்லது இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்போது அவர் சொல் எடுபட்டது. 1941-இல் மந்திரிசபையும் இரு படைகளும் ஒரே குரலில் வந்தன. அவர் முத்திரை வைத்தார். எதிர்த்திருந்தால் கலகம் வெடித்திருக்கும் என்று பிறகு சொன்னார். இருக்கலாம். ஆனால் கலகத்தை அடக்கத் தெரிந்தவர் என்பதையும் அவரே ஐந்து ஆண்டுகளுக்கு முன் காட்டியிருந்தார். உங்கள் முடிவு வேறாக இருக்கலாம், அதனால் மார்க் குறையாது. இந்த ஒப்பீடு இல்லாவிட்டால்தான் குறையும்.

போருக்குப் பிந்தைய பகுதிக்கு அதிக நேரம் வேண்டாம், ஆனால் நான்கு இடங்களில் கவனம் வேண்டும். 1946 ஜனவரி 25 அன்று, ஜப்பானில் இருந்த ஆக்கிரமிப்புப் படைகளின் தலைவர் மக்ஆர்தர் வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்தியில், பேரரசரை விசாரித்தால் ஜப்பான் கொந்தளிக்கும், பத்து லட்சம் துருப்புகள் தேவைப்படலாம் என்றார். டோக்கியோ தீர்ப்பாயத்தில் 28 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். பேரரசர் பெயர் இல்லை. பேரரசர் விருப்பத்துக்கு மாறாக எந்த ஜப்பானியரும் நடக்க மாட்டார் என்று கூண்டில் நின்ற டோஜோ வாய்தவறிச் சொல்ல, சில நாட்களில் அதைச் சரிக்கட்டும் சாட்சியம் வாங்கப்பட்டது. தீர்ப்பாயத் தலைவர் வெப்பும் பிரெஞ்சு நீதிபதி பெர்னாரும் பேரரசர் விடுபட்டதைத் தனிக் குறிப்புகளில் சுட்டினார்கள். இந்திய நீதிபதி ராதாபினோத் பாலின் மாறுபட்ட தீர்ப்பை நம்மவர்கள் ஆர்வத்தோடு எழுதுவார்கள். அது குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்த தீர்ப்பு, பேரரசரைப் பற்றிய கேள்விக்கு அது நேரடி விடையல்ல. ஜப்பானிய ராணுவம் போட்ட சயாம்–பர்மா ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களின் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்ததையும் பால் தீர்ப்பையும் ஒரே மூச்சில் பெருமையாகப் பேச முடியாது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கடைசியாக 1947 மே 3-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு. 1-ஆம் பிரிவில் பேரரசர் நாட்டின், மக்கள் ஒற்றுமையின் சின்னம். 4-ஆம் பிரிவில் ஆட்சி அதிகாரம் எதுவும் இல்லை. 9-ஆம் பிரிவில் போர் துறப்பு. இத்தோடு முடிக்காமல், அதே ஆண்டு செப்டம்பரில் ஒகினாவாவில் அமெரிக்கா 25 முதல் 50 ஆண்டுகள் வரை, அல்லது அதற்கு மேலும், இருக்கலாம் என்ற அவர் கருத்து அமெரிக்கத் தரப்புக்குத் தெரிவிக்கப்பட்டதைச் சேருங்கள். சின்னமான பிறகும் அரசியல் நிற்கவில்லை. ஒகினாவாவுக்குப் பேரரசராக முதலில் போனவர் அவர் மகன் அகிஹிட்டோதான், 1993-இல். சிறுகுறிப்பு கேட்டால் அகிஹிட்டோவின் 1992 சீனப் பயணமும் 2005 சைபான் பயணமும் உதவும்.

எழுதும்போது மெய்ஜி அரசியலமைப்புக்கு ஒரு பத்தி, 1929–36க்கு ஒன்று, 1941க்கும் 1945க்கும் தாராளமாக இடம், பின்விளைவுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் நேரம் போதும். பிறப்பு, முடிசூட்டல், கடல் உயிரியல் ஆர்வம் எல்லாம் வேண்டாம்; 1926-இல் பட்டத்துக்கு வந்தார், 1989-இல் இறந்தார் என்பது போதும். நெட் எழுதுகிறவர்கள் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: பேர்ல் துறைமுகத் தாக்குதல் ஹவாயில் டிசம்பர் 7, ஜப்பானில் டிசம்பர் 8. போர் அறிவிப்பு ஆணையின் தேதி 8 என்றுதான் இருக்கும். காலவரிசைக் கேள்விகளில் இரண்டு தேதிகளும் விடைத் தெரிவுகளில் வரக்கூடும். எந்த நாட்டு நேரம் என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.