தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்: தேஜோனில் எங்கள் முதல் குளிர்காலம்

நவம்பர் கடைசியில் தென்கொரியாவின் தேஜோன் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். நான், மனைவி, இரண்டு வயது மகள். வீட்டுக்கார அம்மா சாவியைக் கொடுத்துவிட்டு, கூடத்துச் சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டியைக் காட்டி நிறையப் பேசினார். ஒன்றும் புரியவில்லை, தலையாட்டினேன்.

அன்று ராத்திரி அந்தப் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினேன். விளக்கு எரிந்தது. குளியலறையில் குழாயைத் திறந்தால் ஆவி பறக்க வெந்நீர் வந்தது. சரி, எல்லாம் வேலை செய்கிறது என்று படுத்தோம். விடிகாலை மூன்று மணிக்கு மகள் அழுதுகொண்டு எழுந்தாள். அவள் பாதம் ஐஸ் மாதிரி இருந்தது, தரை அதைவிடச் சில்லென்று இருந்தது. கொண்டுவந்த புடவை, சால்வை எல்லாவற்றையும் அவள்மேல் போர்த்தி, இருவரும் அவளை நடுவில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். வெந்நீர் வருகிற வீட்டில் ஏன் இப்படிக் குளிர்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் செல்போன் கேமராவைப் பெட்டிமேல் காட்டி எழுத்துகளை மொழிபெயர்த்துப் பார்த்தேன். நான் அழுத்தியது ‘வெச்சுல்’. அந்தப் பெட்டி, கேஸில் தண்ணீர் காய்ச்சும் பாய்லரை இயக்குவதற்கானது. ‘வெளியே போகிறோம்’ என்று பாய்லரிடம் சொல்லும் பொத்தான்தான் ‘வெச்சுல்’. அதை அழுத்தினால் குழாய் உறையாத அளவுக்கு மட்டும் பாய்லர் பார்த்துக்கொள்ளும், வீட்டைச் சூடாக்காது. ஆனால் வெந்நீர் தடையில்லாமல் வரும். வீட்டுச் சூட்டுக்குப் பெயர் ‘நன்பாங்’, குழாய் வெந்நீருக்குப் பெயர் ‘ஒன்சு’. ஒரே பாய்லர்தான், ஆனால் வேலை இரண்டு. வெந்நீர் வருவதை வைத்து நன்பாங் ஓடுகிறது என்று முடிவு செய்யக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இந்த இரண்டு சொற்களை மறக்க வேண்டாம்.

அடுத்த தவறு பயத்தில் செய்தது. ‘ஒந்தோல்’ என்ற முறையில் வைத்து எண்ணை 75க்கு ஏற்றினேன். ஒரு மணி நேரம் ஆகியும் தரை லேசாகத்தான் வெதுவெதுத்தது. இன்னும் ஏற்றினேன். நள்ளிரவில் மனைவி எழுப்பி, “என்னங்க, பாய்க்கு அடியில கை வச்சுப் பாருங்க” என்றாள். தோசைக்கல்லைத் தொட்டதுபோல் சுட்டது. உடனே அணைத்தேன், ஆனாலும் சூடு இறங்க விடிந்துவிட்டது.

இங்கே சூடாவது காற்று இல்லை, தரை. பாய்லரில் காய்ந்த தண்ணீர் சிமெண்டுத் தளத்துக்குள் வளைந்து வளைந்து போகும் குழாய்களில் ஓடுகிறது. தளம் மெதுவாகச் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். பழைய வீடுகளில் அடுப்புப் புகையைத் தரைக்கல்லுக்கு அடியில் செலுத்திச் சூடாக்கியிருக்கிறார்கள். அடுப்புக்குப் பக்கத்து இடம்தான் அதிகச் சூடு என்பதால் அதைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுப்பார்களாம். இப்படித் தரையைச் சூடாக்கும் ஒந்தோல் பண்பாட்டைக் கொரிய அரசு 2018இல் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, தரையில் பாய் போட்டுத் தூங்கி வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாட்டின்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

பெட்டியில் வேறு முறைகளும் உண்டு. ‘சில்லே’ என்றால் பெட்டிக்குள் இருக்கும் உணரி அறைக் காற்றின் வெப்பத்தைப் பார்த்து பாய்லரை ஓட்டும். ‘ஒந்தோல்’ என்றால் குழாயில் ஓடும் தண்ணீரின் வெப்பத்தைப் பார்க்கும். அதனால்தான் ஒன்றில் 21, 22 என்றும் மற்றதில் 50, 60 என்றும் எண் வருகிறது. ‘யேயாக்’ இத்தனை மணிக்கு ஒருமுறை இத்தனை நிமிடம் ஓட்டு என்று சொல்வதற்கு. காற்று புகும் பழைய வீட்டில் ‘சில்லே’ வைத்தால் பாய்லர் நிற்காமல் ஓடும். எங்கள் வீடு ஓரளவு இறுக்கமானது, ‘சில்லே’ 21 போதுமாக இருக்கிறது.

இதெல்லாம் புரிந்த பிறகும் மகள் தூங்கும் அறை மட்டும் சூடேறவில்லை. அதற்குள் முதல் மாத கேஸ் பில் 1,90,000 வொன் வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அந்த அறைக்குப் போய், குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தார். பிறகு “ஏகி ஒம்மா” என்று என் மனைவியைச் சமையலறைக்கு அழைத்தார். ‘குழந்தையின் அம்மா’ என்று அர்த்தம். அந்த ‘ஒம்மா’வைக் கேட்டதும் மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் இருந்த கதவைத் திறந்தார். வரிசையாக நான்கு பித்தளை வால்வுகள், ஒவ்வொன்றும் ஒரு அறைக்கு. மூன்றின் கைப்பிடிகள் குழாயோடு நேராக இருந்தன, ஒன்று மட்டும் குறுக்கே நின்றது. முன்பு இருந்தவர் அந்த அறையைப் பயன்படுத்தாமல் மூடியிருக்கிறார். அம்மா அதை நேராகத் திருப்பினார். சாயங்காலத்துக்குள் மகள் அந்தத் தரையில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் குழாயின் கைப்பிடியையும் காட்டினார். அது இடப்பக்கம் திரும்பியிருந்தால், இரண்டு நொடி கை கழுவினால்கூட பாய்லர் பற்றிக்கொள்ளும். வெந்நீர் தேவையில்லாதபோது வலப்பக்கம் தள்ளிவிடச் சொன்னார். அடுத்த மாத பில் 1,20,000 வொன்.

‘சொல்லால்’ என்ற கொரியப் புத்தாண்டு விடுமுறைக்கு நான்கு நாள் பூசான் நகரத்துக்குப் போனோம். ஊர்ப் பழக்கத்தில் கேஸை மூடி, பாய்லர் பிளக்கையும் பிடுங்கப் போனேன். வழியனுப்ப வந்திருந்த வீட்டுக்கார அம்மா கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். மின்சாரமும் கேஸும் இருந்தால்தான் பாய்லர் தன்னைத்தானே உறையாமல் காத்துக்கொள்ளும். கடுங்குளிரில் குழாய் உறைந்து வெடித்தால் கீழ்வீடுவரை நனையும். அந்தப் பயணத்துக்கு மட்டும் வெச்சுல் பொத்தானை அழுத்திவிட்டுப் போனோம். காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் நாட்களில் அதைத் தொடுவதில்லை, இரண்டு டிகிரி குறைத்துவிட்டுப் போகிறேன். ஆறிப்போன தளத்தை மறுபடி சூடேற்றத்தான் கேஸ் அதிகம் செலவாகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பாய்லரிலிருந்து வெளியே போகும் புகைக்குழாய் இணைப்பில் இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று குளிர்காலம் தொடங்கும்போதே பாருங்கள். 2018 டிசம்பரில் காங்னங் நகரத்து விடுதி ஒன்றில் அந்தக் குழாய் விலகியிருந்ததால் கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது. கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கிப் பாய்லர் இருக்கும் இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

ஏப்ரல் நடுவில் நன்பாங்கை அணைத்தேன். இப்போது பெட்டியில் ஒன்சு விளக்கு மட்டும் எரிகிறது.