கோரை காயும் நாட்கள்

புரட்டாசி 21

அம்மா வீட்டுக்கு வந்து மூன்று நாளாகிறது. சேரன்மகாதேவியில் வெயில் இன்னும் தணிந்தபாடில்லை. விடிகாலையில் மட்டும் கன்னடியன் கால்வாய்க் கரையில் கால் நனைகிற அளவுக்குப் பனி. கார்ப் போக நெல் அறுத்த வயல்களில் தாள் காய்ந்து நிற்கிறது. அடுத்த போகமான பிசானத்துக்கு யாரும் உழத் தொடங்கவில்லை. டீக்கடையில் நாலு பேர் கூடினால் ஒரே பேச்சுதான்: “அணையில எத்தன அடி கெடக்கு?” பாபநாசம் அணை நிறைந்தால் 143 அடி என்பது இங்கே பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

இந்தத் தடவை சும்மா தின்று உறங்கிவிட்டுத் திரும்பப் போவதில்லை. பத்தமடைப் பாய் நெய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். அம்மா சிரித்தாள். “ஊசியில நூல் கோக்க என்னயக் கூப்பிடுத, நீ பாய் நெய்யப் போறியாக்கும்.”

புரட்டாசி 24

பத்தமடை. அம்மாவுக்குத் தெரிந்தவர் வீடு. தெருவே அவரை ராத்தா என்கிறது, நானும் அப்படியே கூப்பிட்டேன். போன உடன் தறியில் உட்காரலாம் என்ற நினைப்பில் போனேன். அவர் கையில் அரிவாளைக் கொடுத்தார். “மொதல்ல கோரய அறு.”

புரட்டாசி, ஐப்பசியில் ஒரு அறுப்பு, மாசி, பங்குனிப் பக்கம் ஒரு அறுப்பு. வாய்க்கால் ஓரச் சேற்றில் இடுப்பளவு நின்ற கோரையைப் பச்சையாகவே அறுக்க வேண்டும். பூண்டும் மழையும் கலந்த மாதிரி ஒரு வாசனை அதற்கு. அறுத்ததைக் கீறி, உடனே காயப்போட வேண்டும். பகலில் வெயில், இரவில் பனி. இரண்டும் மாறி மாறிப் பட்டுத்தான் பச்சை போய் இளமஞ்சள் ஏறும். மழை மட்டும் பட்டுவிடக் கூடாது, கறுத்துப்போகும்.

என் பங்குக்கு இரண்டு கட்டு கொடுத்தனுப்பினார். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போட்டார்.

புரட்டாசி 29

ராத்திரி மூன்று மணிக்கு இடி. கண் விழித்தபோது மொட்டைமாடியில் காயப்போட்ட கோரை ஞாபகம் வரவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு “ஆகா, மழை” என்று சுகமாக உறங்கியிருக்கிறேன். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு கட்டு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. இன்னொன்று தண்ணீர்த் தொட்டியின் நிழலில் இருந்ததால் பிழைத்தது.

எதிர்வீட்டு மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறார், முகமெல்லாம் சிரிப்பு. “நல்ல மழல்லா!” அவருக்கு நாலு கோட்டை விதைப்பாடு நிலம்.

ஐப்பசி 1

கறுத்த கட்டையும் எடுத்துக்கொண்டுதான் போனேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? ராத்தா ஒரு இழையை எடுத்து நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“ஏட்டி, பனி படலாம், மழ படப்பிடாது. சொன்னேம்லா? ஒறங்கிட்டியாக்கும்.”

தூரப் போடவா என்று கேட்டேன். “ஏன் போடணும்? நீ கெடுத்தத நீயே நெய்யி.”

ஐப்பசி 3

கோரையைக் கட்டி ஆற்றில் போட்டோம். ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும், கிடைத் தண்ணீர் ஆகாது. நல்ல பாய்க்கு ஒரு வாரம் வரை ஊறினால்தான் இழை உப்பி வளைந்து கொடுக்குமாம். மேலே கல் ஏற்றி, கயிற்றை ஒரு நாணல் தூரில் கட்டினோம். தாமிரபரணி இப்போது செம்மண் நிறம்.

ஐப்பசி 6

காருக்குறிச்சிக்கு நடந்து போனேன். வழியெல்லாம் நாற்றங்கால் உழும் டிராக்டர், பின்னாலேயே கொக்குக் கூட்டம். ஒரு வயலில் மட்டும் மாடு கட்டி உழுதார்கள். நின்று பார்க்கிறேன் என்றதும் உழுதவருக்குக் கூச்சம், மாட்டை அதட்டுவதை நிறுத்திவிட்டார்.

நாகஸ்வரம் அருணாசலத்தின் ஊர் என்றுதான் வெளியில் காருக்குறிச்சியைத் தெரியும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது சட்டிபானை ஊர். கார்த்திகைக்கு இன்னும் நாளிருக்கிறது, ஆனாலும் வேளார் வீடுகளில் திண்ணை, அடுப்படி, கட்டிலுக்கடியில் எல்லாம் கிளியாஞ்சட்டி. நான்கு நாளாக வெயில் இல்லை, ஈரத்தோடு சூளை வைத்தால் வெடிக்கும். ஒரு அம்மா விசிறியை எடுத்து விளக்குகளுக்கு வீசிக்கொண்டிருந்தார். விளையாட்டுக்குத்தான் என்றார். ஆனால் நான் கிளம்பும் வரை நிறுத்தவில்லை.

திரும்பும்போது மறுபடி மழை. எதிர்வீட்டு மாமாவின் சிரிப்பு நினைவுக்கு வந்து, அவர்மேல் காரணமில்லாமல் எரிச்சல்.

ஐப்பசி 8

ஆற்றில் வெள்ளம். கயிறு இருக்கிறது, கட்டைக் காணோம் என்று கத்தினேன். ராத்தாவின் மருமகள் முழங்கால் தண்ணீரில் இறங்கித் துழாவி, மணல் மூடிக் கிடந்ததை உருவி எடுத்தார். கல் ஒன்றுகூட நகரவில்லை.

ஐப்பசி 14

தறி என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. தரையோடு தரையாக இழுத்துக் கட்டிய நூல் பாவு, அதைத் தூக்கிப் பிடிக்க மூங்கில் முக்காலி, இழையை நெருக்க மர அச்சு. நெய்த பகுதிக்கு மேலே பலகை போட்டு உட்கார வேண்டும். ஈரக் கோரையை நீளக் குச்சியின் நுனியில் கொடுத்துப் பாவுக்குள் செலுத்தி, அச்சை இழுத்து அடிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் நான் நெய்தது நாலு விரற்கடை. இடுப்பு என்னுடையது இல்லை என்று ஆகிவிட்டது.

பக்கத்துத் தறியில் மருமகள் கல்யாணப் பாய் நெய்கிறார். மாப்பிள்ளை பெயர் முடிந்து பெண் பெயரில் இரண்டு எழுத்து வந்திருக்கிறது. இதில் பாவு நூல் பட்டு. முடிந்தால் துணிபோல மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிடலாம். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடைப் பாய் போன கதையை இங்கே யாரும் சொல்லாமல் விடுவதில்லை. ராணி அதில் படுத்தாரா, சுவரில் மாட்டினாரா? “நெஞ்சவள யாரு நெனச்சுப் பாத்தா, அத மொதல்ல கேளு” என்றார் ராத்தா. சாயத்துக்கு முன்பெல்லாம் சப்பங்கிக் கட்டையைக் காய்ச்சிச் சிவப்பு எடுப்பார்களாம். இப்போது கடைப்பொடி.

பேரம் பேசுகிறவர்களைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் நாளை வரை எழுத வேண்டியிருக்கும். நானும் போன வருஷம் ஒரு கண்காட்சியில் பேசியவள்தான்.

ஐப்பசி 19

மழை. பஸ் இல்லை. போகவில்லை.

ஐப்பசி 25

தடுக்கு முடிந்தது. பாய் என்று சொல்லும் அளவுக்கு நீளம் வரவில்லை, ஒரு ஆள் உட்காரலாம். நல்ல கட்டும் கறுத்த கட்டும் கலந்து நெய்ததில் குறுக்கே கறுப்பு வரிகள், வேண்டுமென்றே போட்ட மாதிரி சில இடத்தில், திருட்டு முழி முழிப்பது போலச் சில இடத்தில். ராத்தா விளிம்பை வெட்டி, துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கம் அடி பலமாக விழுந்த இடங்களைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மாமா வயலில் நாற்று ஒரு சாண் எழும்பிவிட்டது. காருக்குறிச்சி வழியாக வந்த பால்காரர், நேற்றுத்தான் அங்கே சூளையில் புகை பார்த்ததாகச் சொன்னார்.

அம்மா தடுக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஒரு பக்கம் கோணிக்கிட்டுல்லா நிக்கி?”

பிறகு அதைத் தரையில் விரித்து, கோணல் பக்கத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டு, முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தாள்.