ஈஸ்ட்டின் கந்தகச் சிக்கனம்

காலையிலிருந்து மனசு ஈஸ்ட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறது. ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்தான். காட்மியம் என்ற நச்சு உலோகம் அதன் செல்லுக்குள் நுழைந்ததும் கந்தகம் கொண்ட குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு அதைக் கவ்விக்கொள்கிறது, அப்புறம் வைசிஎஃப்1 என்ற பம்ப் இரண்டையும் சேர்த்து வாக்குவோல் என்ற உள்ளறைக்குள் தள்ளிவிடுகிறது. சரி, அவ்வளவு குளூட்டாதயோனுக்குக் கந்தகம் எங்கிருந்து வரும்? இங்கேதான் அசந்துபோனேன். தன் அன்றாடப் புரதங்களுக்குப் போகும் கந்தகத்திலேயே ஈஸ்ட் சிக்கனம் பிடிக்கிறது! நொதித்தலுக்கு வழக்கமாக வைத்திருக்கும் பிடிசி1 நொதியைக் குறைத்துவிட்டு, அதே வேலையைக் குறைந்த கந்தகத்தில் முடிக்கும் பிடிசி6-ஐத் தயாரித்துக்கொள்கிறது. காட்மியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் பெராக்சைடு தாக்கினாலும் கந்தகம்தான் கைகொடுக்கிறது: யாப்1 என்ற புரதம் தனக்குள்ளேயே கந்தகப் பிணைப்பு போட்டு மடங்கி, உட்கருவை விட்டு வெளியேறாமல் அங்கேயே தங்கி, பாதுகாப்பு மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அந்த வைசிஎஃப்1 பம்ப்பின் மரபணுவும் அதில் ஒன்று.