ஃபால்அவுட் 5 வந்தால் இதெல்லாம் வேண்டும்
நேற்று இரவு கொழும்பு வெள்ளவத்தை வீட்டில் தம்பியும் நானும் இதைத்தான் கதைத்துக்கொண்டிருந்தோம். அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் இந்த வீடியோ கேம் வரிசையில் ஃபால்அவுட் 4 வந்தது 2015இல், நானும் அவனும் அதை எத்தனை தடவை முடித்திருப்போம்!

முதலில் உரையாடல். நான்காம் பாகத்தில் ஒவ்வொரு முறையும் நான்கே பதில்கள், அதுவும் இரண்டு மூன்று சொல்லில் சுருக்கிப் போட்டிருப்பார்கள், நாம் அழுத்தியது ஒன்று, பாத்திரம் பேசுவது வேறொன்று. அதே வரிசையில் 2010இல் வந்த நியூ வேகஸில் முழு வாக்கியத்தையும் வாசித்துத்தான் தேர்ந்தெடுப்போம். மருத்துவம் தெரிந்த ஆளாக வளர்த்திருந்தால் அதற்கென்றே தனிப் பதில் வரும். அது திரும்ப வேண்டும்.

அப்புறம் பசி, தாகம், தூக்கம். நியூ வேகஸின் ஹார்ட்கோர் என்ற கடினமான முறையில் இவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும், தோட்டாவுக்குக்கூட எடை உண்டு, அதனால் கிளம்பும் முன் பையைத் திறந்து எதை விட்டுவிட்டுப் போவது என்று யோசித்தே ஆக வேண்டும். 2022இல் இங்கே கரண்டும் இல்லை, காஸும் இல்லை என்றிருந்த நாட்களில் அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, இன்னும் எத்தனை வேளைக்கு வரும் என்று பார்ப்பார். அந்தக் கணக்கு விளையாட்டிலும் இருக்க வேண்டும்.

குடியிருப்பு கட்டுவது இருக்கட்டும், சரி. ஆனால் நான் தண்ணீர் பம்ப் போட்டுக் கொடுத்த ஊர், அடுத்த முறை போகும்போது மாறியிருக்க வேண்டும்.