கட்டியக்காரனுக்கு வேறொரு தொண்டை

காட்பாடியில் நான் ஒலிப்பதிவு பார்த்த நிறுவனம் சின்னது. பிள்ளைகளுக்கான ஒரே ஒரு மொபைல் கேம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதில் வழிகாட்டியாக வரும், தெருக்கூத்துக் கோமாளியான கட்டியக்காரனுக்குக் குரல், பொன்னை பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவருடையது. மூன்றாம் வருடம் அவருக்குக் குரல்நாணில் காய்ப்பு வந்தது. கத்தவே கூடாது என்றார் டாக்டர். விடிய விடியப் பாரதக் கூத்து ஆடியவரிடம் சொல்கிற பேச்சா அது!

மேலாளருக்குக் கவலையில்லை. “மரியோவுக்கே ஆளை மாத்திட்டாங்க” என்றார். உண்மைதான். 1990களிலிருந்து மரியோவாகப் பேசிய சார்லஸ் மார்ட்டினெட் 2023இல் ஒதுங்கினார், கெவின் அஃப்கானி வந்தார். ஆனால் எனக்கு நினைவு வந்தது ‘டெஸ்டினி’ என்ற கேம். அதில் கூடவே வரும் துணைப் பாத்திரமான கோஸ்டுக்குப் பீட்டர் டிங்க்லேஜ் பேசியிருந்ததை எல்லாம் 2015இல் நோலன் நார்த்தை வைத்து மறுபடி பதிவு செய்தார்கள். எங்களிடம் 640 கோப்புகள். புதியவற்றுக்கு மட்டும் புது ஆள் என்றால், கட்டியக்காரன் பேசுவது ஒரு தொண்டையில், குதிப்பது இன்னொரு தொண்டையில்.

பழைய பதிவுகளை மெஷினுக்குக் கொடுத்துப் புது வசனம் செய்துவிடலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. வாத்தியார் கையெழுத்துப் போட்டது அதற்கல்ல என்று மறுத்தேன். இதே விஷயத்துக்காகத்தான் அமெரிக்காவில் கேம் நடிகர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

முதலில் ஆம்பூரிலிருந்து ஒரு மிமிக்ரி கலைஞர் வந்தார். கண்ணை மூடினால் வாத்தியாரேதான். நான் அசந்துபோனேன். ஆனால் பத்து வசனம் ஓடியதும் ஏதோ உறுத்தியது. ராஜாவைக் கிண்டல் செய்துவிட்டு, அடி விழுமோ என்று வாத்தியார் அரை நொடி நிற்பார். அந்த அரை நொடி இவரிடம் இல்லை.

அடுத்து வாத்தியாரே தன் சீடனைக் கூட்டிக்கொண்டு வந்தார். இருபத்திரண்டு வயது, மெல்லிய குரல், சுருதியும் ஒரு கட்டை மேலே. நான் உதட்டைப் பிதுக்கியதை வாத்தியார் பார்த்துவிட்டார்.

“கொரலு எதுக்கு சார்? வேஷத்த புட்ச்சிக்கினானா இல்லியா, அத்த பாரு” என்றார், கரகரத்துக்கொண்டே.

கூத்தில் ஒரே வேஷம் அப்பனிடமிருந்து மகனுக்கும் வாத்தியாரிடமிருந்து சீடனுக்கும் போகிறது. ஊர் ஒப்பிட்டுப் பேசும், முகத்துக்கு நேராகவே பேசும், பிறகு விடியும்வரை உட்கார்ந்து பார்க்கும். நாங்கள்தான் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மாற்றிவிடப் பார்த்தோம்.

வசனங்கள் இரண்டே நாளில் முடிந்தன. இழுத்தடித்தவை சத்தங்கள். குதிக்க ஒரு ‘ஹேய்’, விழ ஒரு ‘அய்யய்யோ’, முட்டிக்கொள்ள ஒரு முனகல் என்று தொண்ணூறு. ஏசியை அணைத்துவிட்ட வேலூர் மே மாத அறையில் பையன் சட்டை நனைந்து நின்றான், ‘ஹேய்’ செத்த குரலில் வந்தது. பதினைந்தாவது டேக்கில் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “சலங்க கட்டிக்கினு பண்ட்டா சார்?”

மைக்கில் சலங்கை விழும், கூடாது என்றேன். வாத்தியார் எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து சலங்கையை எடுத்தார். பையன் காலில் கட்டி, மேலே ஈரத்துண்டைச் சுற்றி இறுக்கினார். பையன் எழும்பிக் குதித்தான். முதல் டேக்கிலேயே சரியாக வந்தது.

துண்டையும் மீறி அந்தத் தொண்ணூறு கோப்புகளிலும் மெல்லிய ‘கிண்’ விழுந்திருக்கிறது. ஒன்றில் மட்டும் நீக்கிப் பார்த்தேன். பிறகு திரும்பப் போட்டுவிட்டேன்.